மாதிரிப் புகையிரதமும் பலகையின் முழக்கமும்

ஓடும் பொருள் ஓசை செய்தல் இயல்பு. ஆயினும், உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறு புகையிரதம் ஒரு மண்டபம் முழுவதையும் தன் இரைச்சலால் நிரப்புமாயின், அவ்வோசைக்குக் காரணம் அவ்வண்டி மாத்திரந்தானா என ஐயுறுதல் வேண்டும். சென்ற ஆண்டு எமது கல்லூரி மண்டபத்தில் மாணவர் அமைத்த மாதிரிப் புகையிரதப் பாதையைக் கண்டோர் இவ்வையம் எழுந்த வரலாற்றை அறிவர். எட்டடி நீளமும் நான்கடி அகலமும் உடைய ஓர் ஒட்டுப்பலகை. அதன்மேல் நீள்வட்டமாய்த் தண்டவாளம். ஒரு நிலையம், ஒரு பாலம், சிறியதொரு பனந்தோப்பு. வந்தோர்க்கு விளக்கம் கூறப் பத்தாந்தர மாணவன் ஒருவனை அருகில் நிறுத்தியிருந்தனர். வண்டி புறப்பட்டது, அவன் குரல் மறைந்தது. வாய் அசைவது மட்டும் தெரிந்தது. முன்னே நின்ற முதிய பழைய மாணவர் ஒருவர், “தம்பி, கோச்சியை ஒருக்கால் நிப்பாட்டிப்போட்டுச் சொல்லும்” என்றார். வண்டி நின்றது, அவன் பேசினான். வண்டி ஓடிற்று, அவன் பேச்சு நின்றது. அன்று மாலைவரை இவ்வாறே கழிந்தது. புகையிரதம் ஓடும் வகையை, ஓடாத புகையிரதத்தை வைத்தே விளக்க நேர்ந்தது.

விழாக் காட்சிக்கு அதே பாதையை மீண்டும் வைக்க வேண்டும் என்ற போது, அவ்விரைச்சலைத் தணிக்கும் வழியை மாணவரோடு யாமும் ஆராயத் தொடங்கினோம். தமிழாசிரியருக்குத் தண்டவாளத்தில் என்ன வேலை என வினவுவோர் இருத்தல் கூடும். விபுலாநந்த அடிகளார் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர். விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியருமாவார். 1947ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது யாழ்நூலில் இசையும் கணிதமும் ஒருங்கே நடக்கின்றன. எமக்கு விடையின் முதற்கூறு கிடைத்ததும் யாழிலிருந்தேயாம்.

பழைய யாழுக்குப் பத்தர் என்றோர் உறுப்பு உண்டு. நரம்பை மீட்டினால் அதிர்வது நரம்பே. ஆனால் நம் செவிக்கு எட்டும் ஒலியிற் பெரும்பகுதியை உண்டாக்குவது பத்தரும் அதன்மேற் போர்த்த தோலுமாம். நரம்பு மெல்லியது. அது காற்றைக் கிழித்துச் செல்லுமேயன்றித் தள்ளாது. பத்தரோ பரந்தது, நரம்பின் அதிர்வை ஏற்றுத் தன் பரப்பு முழுவதாலும் காற்றைத் தள்ளுகின்றது. ஆய்கூடத்தில் இதனை இசைக்கவையால் எளிதிற் காட்டலாம். தட்டிய இசைக்கவையைக் கையிற் பிடித்தால் அருகில் நிற்பவர்க்கே கேட்கும். அதன் காம்பை மேசைமேல் ஊன்றியவுடன் வகுப்பு முழுவதும் கேட்கும். இசைக்கவைக்குப் புதிதாகச் சத்தி எதுவும் வந்துவிடவில்லை. உள்ள சத்தியை மேசை விரைவாகச் செலவிடுகின்றது. ஆதலின் ஓசை பெருகுவதோடு விரைவில் ஓய்ந்தும் விடுகின்றது.

மாதிரிப் பாதையில் நரம்பின் இடத்தில் இருப்பது தண்டவாளம். பத்தரின் இடத்தில் இருப்பது பலகை. இதனை நம்பாத மாணவர்க்கு ஒரு சோதனை செய்து காட்டினோம். ஒரு முழம் நீளமுள்ள பாதைத்துண்டை எடுத்து, நான்காய் மடித்த துவாயின்மேல் வைத்து, ஒரு பெட்டியைக் கையால் உருட்டினோம். மெல்லிய சீறல் ஒன்றே கேட்டது. அதே துண்டை வெறும் ஒட்டுப்பலகையில் அழுத்தி வைத்து அதே பெட்டியை உருட்டியபோது முழவு அதிர்ந்தாற்போல் இருந்தது. சில்லும் மாறவில்லை, தண்டவாளமும் மாறவில்லை. மாறியது கீழே இருந்த பொருள் ஒன்றே.

எனவே செய்யவேண்டியது யாது? தண்டவாளத்திலிருந்து பலகைக்கு அதிர்வு இறங்கும் வழியை அடைத்தல். சொல்லுதற்கு எளிது; ஆனால் அவ்வழி ஒன்றன்று பல என்பதையும், ஒன்றைத் திறந்துவிட்டு ஏனையவற்றை அடைப்பது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதை ஒக்கும் என்பதையும் யாம் உணர இரண்டு மாதம் சென்றது.

அதற்குமுன் வண்டியைப் பற்றிச் சிறிது. இரைச்சல் முழுவதையும் பலகையின் தலையிற் சுமத்துதல் நீதியன்று. எஞ்சினைக் கையிற் பிடித்து, அதன் சில்லுகளுக்கு மின் கொடுத்து ஓடவிட்டுக் கேட்டால் மோட்டாரும் பற்சில்லுகளும் செய்யும் ஓசை தனியே விளங்கும். உலர்ந்த பற்சில்லுக்குப் பிளாஸ்ரிக்கைத் தாக்காத மெல்லிய எண்ணெய் ஒரு துளி போதும். இரண்டாந் துளி தண்டவாளத்திற்குப் போய்ச் சேரும். மின் கொடுக்கும் கருவியும் கவனிக்கத்தக்கது. பழைய கருவிகள் சிலவற்றில், வண்டி மெதுவாக ஓடுதற்பொருட்டு ஆடலோட்டத்தின் ஒரு பாதியை மட்டும் விடும் ஆளி உண்டு. எமது நாட்டின் மின்னோட்டம் 50 ஹேட்ஸ் மீடிறனுடையது; ஆதலால் மோட்டார் ஒரு செக்கனுக்கு ஐம்பது முறை குத்துண்டு உறுமும். இக்காலத்து இலக்கமுறைக் கருவிகள் செக்கனுக்குப் பல்லாயிரம் துடிப்பாக மின்னை விடுவதால் அவ்வுறுமல் நம் செவியின் எல்லைக்கு அப்பாற் போய்விடுகின்றது. பெட்டிகளின் பிளாஸ்ரிக்குச் சில்லுகளில் அழுக்குத் திரண்டு கட்டியாகி இருந்தது, அதனைத் துடைத்தோம். எமது வண்டியில் இவற்றால் விளைந்த நன்மை சிறிது. மின்னை நிறுத்திக் கையால் உருட்டியபோதும் பலகை முழங்கிற்று.

இனிப் பாதைக்கு வருவோம். மேனாட்டில் இக்கலையைப் பயில்வோர் தண்டவாளத்தின்கீழ்த் தக்கைப் பட்டி இடுவர். எச்.ஓ. எனப்படும் 87இல் ஒரு பங்கு அளவுக்கும், பிரித்தானியாவில் வழங்கும் டபிள் ஓ எனப்படும் 76.2இல் ஒரு பங்கு அளவுக்கும் தண்டவாள இடைவெளி ஒன்றே, 16.5 மில்லிமீற்றர். இவற்றிற்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் தடிப்புள்ள தக்கையைப் பயன்படுத்துவது பெருவழக்கு. பட்டியின் இருபுறமும் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதால், மெய்யான பாதையிற் சல்லிக்கல் மேடு இருப்பதுபோன்ற தோற்றமும் கிடைக்கின்றது. தக்கையின் சிறப்பு, அதனுள் நுண்ணிய அறைகளில் அடைபட்டிருக்கும் காற்று. அழுத்தினால் அமிழ்ந்து, விட்டால் மீள்வதோடு, அவ்வாறு அமிழும்போது அதிர்வின் சத்தியிற் சிறிதை வெப்பமாக்கி அழித்தும் விடுகின்றது.

எமக்குத் தக்கைப் பட்டி கிடைத்திலது. உடற்பயிற்சிக்கு விரிக்கும் நுரைப்பாயை வாங்கிக் கீறிக்கொண்டோம். முதலில் வாங்கிய பாய் மிக மெத்தென்றிருந்தது. எஞ்சின் ஏறிய இடத்திற் பாதை தாழ்ந்து, அது கடந்தபின் எழுந்தது. தண்டவாள மூட்டுகள் இவ்வாறு மேலுங்கீழும் வளைந்தால் நாளடைவில் தளரும். வண்டியும் தடம் புரளும். பிறகு இறுக்கமானதொன்றைத் தேர்ந்தோம். பெருவிரலால் அழுத்தினால் சிறிதே அமிழ வேண்டும். அதுவே எமது அளவுகோல்.

நுரைப்பட்டியை ஒட்டி, அதன்மேற் பாதையை வைத்து, வண்டியை ஓடவிட்டோம். இரைச்சல் குறைந்திருந்தது, ஆனால் எதிர்பார்த்த அளவுக்கன்று. மாணவர் முகம் வாடிற்று. காரணத்தைக் கண்டவன் விளக்கம் கூற நின்ற அந்த மாணவனே. பாதை அசையாதிருக்கவேண்டி, நான்கங்குலத்துக்கு ஒன்றாகச் சிற்றாணிகளைச் சிலிப்பர்க் கட்டையினூடாக நுரையையும் கடந்து பலகையில் அறைந்திருந்தோம். ஒவ்வோர் ஆணியும் தண்டவாளத்துக்கும் பலகைக்கும் இடையே நின்ற ஓர் இரும்புத் தூண். இசைக்கவையின் காம்பு ஒன்றே மேசையை முழங்கச் செய்யுமாயின், எண்பது காம்புகள் ஊன்றிய பலகை வாளாவிருக்குமா? மெத்தையில் வைத்த பாதையை ஆணியால் மீண்டும் பலகையோடு பிணைத்துவிட்டோம். எல்லா ஆணிகளையும் பிடுங்கி, நெகிழ்ச்சியுள்ள பசையை மெல்லியதாகப் பூசிப் பாதையை ஒட்டினோம். வளைவுகளில் மட்டும் பசை உலரும்வரை ஆணியால் நிறுத்தி, மறுநாட் காலையில் அவற்றையும் பிடுங்கினோம். அன்றுதான் முதன்முதலாக வண்டி ஓடும்போதே அவன் பேச்சு ஐந்தடி தொலைவில் நின்ற எமக்கு விளங்கிற்று.

ஐந்தடியோடு யாம் நிறைவடைந்திருக்கலாம். ஆனால் பாதை அழகுபெற வேண்டுமென்று மாணவர் சல்லிக்கல் இட்டனர். சல்லியாவது, அரித்தெடுத்த நுண்மணற் பருக்கை. அதனைச் சிலிப்பர்க் கட்டைகளுக்கு இடையிலே தூவி, வெள்ளைப் பசையையும் நீரையும் சமபங்காய்க் கலந்து, பாத்திரம் கழுவும் சவர்க்காரநீரை ஒரு துளி சேர்த்துச் சொட்டுச் சொட்டாக விடுவர். உலகெங்கும் உள்ள வழக்கம் இதுவே. சவர்க்காரநீர் பசையின் மேற்பரப்பிழுவிசையைக் குறைப்பதால், கலவை பருக்கைகளுக்குள் ஊறி இறங்குகின்றது. காட்சிக்கு மிக நன்றாயிருந்தது. பசை உலர்ந்தது. மறுநாள் வண்டியை ஓட்டினோம். பழைய முழக்கம் திரும்ப வந்து வாசலில் நின்றது.

இவ்விடத்திற் சற்றே தங்குதல் வேண்டும். பலர் இடறும் இடம் இதுவே. வெள்ளைப் பசை உலர்ந்தால் இறுகும். மணலோடு சேர்ந்து இறுகிய அது, மெல்லிய சீமெந்துத் தகடு போலாகின்றது. அத்தகடு சிலிப்பர்க் கட்டைகளைப் பற்றிக்கொண்டு, பட்டியின் இரு சாய்வுகள் வழியாகவும் கீழிறங்கிப் பலகையைத் தொடுகின்றது. ஆணிகளைப் பிடுங்கிய யாம், ஆணிக்குப் பதிலாகப் பாதையின் முழு நீளத்துக்கும் இரண்டு சுவர்களை எழுப்பிவிட்டோம். நுரை உள்ளே இருந்தது. ஆனால் அதிர்வு அதன் வழியாகச் செல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. பக்கத்திலே நல்ல வீதி திறந்திருந்தது.

இதற்கு இரண்டு மாற்றுண்டு. ஒன்று, உலர்ந்தபின்னும் றப்பர் போல் நெகிழும் பசையைக் கொள்ளுதல். றப்பர்ப் பாலினால் ஆன கொப்பிடெக்ஸ் என்னும் பசையை நீர்விட்டு மெல்லியதாக்கிப் பிரித்தானிய ஆர்வலர் சிலர் இதற்கெனவே கையாளுகின்றனர். பச்சை மீன் நாற்றம் சிறிது உண்டு, உலர்ந்தபின் போய்விடும். இறப்பர்ப் பால் விளையும் நாட்டிலிருந்துகொண்டு அதனை யாம் மேனாட்டார் சொல்லக் கேட்டறிந்தது வியப்பே. மற்றையது, சல்லியைப் பட்டியின் மேலும் சாய்விலும் மட்டும் நிறுத்திப் பலகையைத் தொடவிடாது செய்தல். பட்டியை ஓரங்குலம் அகலமாக வெட்டினால் இஃது இயலும். விளிம்பை வேறு பச்சைத் தூள் தூவி மறைக்கலாம். யாம் இரண்டையும் செய்தோம். ஆனால் முன்னர் இட்ட சல்லியை வெந்நீர் ஊற்றி நனைத்துத் தேநீர்க் கரண்டியாற் சுரண்டி எடுக்க மாணவர்க்கு இரண்டு சனிக்கிழமை பிடித்தது. வெள்ளைப் பசை நீரில் மீண்டும் இளகுவது அவர்கள் செய்த புண்ணியம்.

அதிர்வின் வழியை அடைத்தபின் எஞ்சியது பலகை. எவ்வளவு அடைத்தாலும் சிறிது இறங்கவே செய்யும். இறங்கியதைப் பலகை பெருக்காதிருக்கச் செய்தல் அடுத்த வேலை. பெரிய, மெல்லிய, தாங்கலற்ற பலகை முழவின் தோலை ஒக்கும். மாணவர் முதலிற் செய்த மேசையிலோ அடிப்புறத்தையும் தகட்டுப் பலகையால் மூடியிருந்தனர், கம்பிகள் தெரியாதிருக்கவாம். மேலொரு பலகை, கீழொரு பலகை, நடுவே அடைபட்ட காற்று. முழவு செய்ய விரும்பினும் வேறு வகையாகச் செய்திருக்க முடியாது. அடிப்பலகையைக் கழற்றியபோதே தாழ்ந்த சுருதியில் எழுந்த குமுறல் பெரிதும் அடங்கிற்று. அவ்வெளியிற் பழந்துணி திணிக்கலாமே என ஒரு மாணவன் கூறினான். ஓசைக்கு நல்ல மருந்துதான். ஆயின் மின்கம்பிகள் செல்லும் இடத்திலே துணி திணித்தலை யாம் ஒப்புக்கொள்ளவில்லை.

அமெரிக்கர் இதற்கு வேறொரு வழி கண்டனர். மொடல் றெயில்றோடர் இதழின் ஆசிரியராயிருந்த லின் வெஸ்ற்கொற் என்பவர், பாதை செல்லும் இடத்தில் மட்டும் ஒடுங்கிய பலகையை வைத்து, ஏனைய பரப்பைத் திறந்துவிடும் மரச்சட்ட அமைப்பைப் பரப்பினார். மலை பள்ளங்களை அமைக்க வசதியாயிருத்தலே அதன் முதற்பயன். அதிரும் பரப்பும் அதனாற் குறைந்தது. ஒட்டுப்பலகையின்மேல் ஹோமசோட் என்னும் மென்பலகையை ஒட்டுதலும் அவர்களிடையே பழைய வழக்கம். அது கழிவுத்தாளைக் கூழாக்கி அழுத்திச் செய்வது. பிரித்தானியாவிற் சண்டீலா என்பதும் அவ்வினத்தது. வேறுவேறு தன்மையுடைய இரண்டு பொருள்களை ஒன்றன்மேலொன்றாக ஒட்டினால், ஒன்று அதிர விழையும்போது மற்றையது இழுத்துப் பிடிக்கும். தாளின் நார்கள் ஒன்றோடொன்று உராய்ந்து அதிர்வை வெப்பமாக்கும். கனமும் கூடும், கனத்த பொருளை அசைத்தல் அரிது.

இலேசான பொருள் நல்லதென நினைந்து றெஜிபோம் தகட்டைப் பலகையாகக் கொள்வோர் உளர். தூக்கிச் செல்லவும் செதுக்கவும் அது நன்று. ஆனால் இலேசாயும் விறைப்பாயும் இருக்கும் பொருளே எளிதில் அதிர்ந்து காற்றைத் தள்ளும். வீணைக்கு வேண்டும் குணம் பாதைக்கு வேண்டாத குணம்.

மென்பலகைக்கு எங்கு செல்வது? ஆசிரியர் அறையிற் பழைய அறிவித்தற் பலகை ஒன்று பல்லாண்டுகள் குண்டூசிகளால் துளைக்கப்பட்டு ஓய்வு பெற்றுக் கிடந்தது. அதிபரின் இசைவோடு அதனை வெட்டி ஒட்டுப்பலகையின்மேல் ஒட்டினோம். திருகாணி ஒன்றும் இடவில்லை. இடுவோமாயின் மீண்டும் இசைக்கவைக் காம்பின் கதையாகும். மாரிகாலத்து ஈரத்தில் இது ஊதக்கூடும் ஆதலால் விளிம்புகளுக்கு வர்ணம் பூசினோம். அடியிலே பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்குச் சட்டமும், மேசைக்கால்களின் கீழே றப்பர்ச் செருப்பிலிருந்து வெட்டிய துண்டுகளும் இட்டோம். மண்டபத்தின் மரமேடை தானும் ஒரு பெரிய பத்தர் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆகவே காட்சியை மேடையிலிருந்து இறக்கிச் சீமெந்துத் தரைக்குக் கொண்டுவந்தோம்.

இவ்வளவும் செய்து ஓட்டிப் பார்த்தபோது, யாம் எதிர்பாராத வேறொரு குறை தோன்றிற்று. வண்டி அமைதியாக வழுக்கிச் சென்றது. அது புகையிரதம் போல் இல்லை. முதற்காட்சியின்போது அந்த முதியவர் விடைபெறுங்கால் கூறிய சொல் எமக்கு நினைவு வந்தது: “இது கோச்சிச் சத்தமில்லை, தகரப் பேணியுக்கை கல்லுக் குலுக்கின மாதிரிக் கிடக்கு.” அவர் ஓசை வேண்டாமென்றாரல்லர், இவ்வோசை வேண்டாமென்றார். 1956ஆம் ஆண்டில் யாழ்தேவி ஓடத் தொடங்கிய காலத்தை அறிந்த செவி அது. 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான சேவை நின்று, 2014ஆம் ஆண்டு ஒக்டோபரிலேயே வண்டி மீண்டும் வந்தது. இடைப்பட்ட இருபத்துநான்கு ஆண்டுகளில் இங்கு வளர்ந்த பிள்ளைகளுக்கு, எம்மையும் உள்ளிட்டு, அவ்வோசை பிறர் வாயாற் கேட்ட செய்தியேயன்றிச் செவியால் அறிந்ததன்று.

புகையிரதத்தின் தாளம் எங்கிருந்து வருகின்றது? தண்டவாளத் துண்டுகள் கூடும் மூட்டிலிருந்து. ஒரு துண்டு 13 மீற்றர் நீளம் எனவும், வண்டி மணிக்கு 60 கிலோமீற்றர் செல்கின்றது எனவும் கொள்வோம். ஒரு சில்லு ஒரு செக்கனில் 16.7 மீற்றர் கடக்கும். ஆகவே ஏறக்குறைய முக்காற் செக்கனுக்கு ஒரு மூட்டைத் தட்டும். 76.2இல் ஒரு பங்காகக் குறைத்தால் மாதிரி வண்டி செக்கனுக்கு 22 சதமமீற்றர் செல்ல வேண்டும். கடையில் விற்கும் நெகிழ்பாதையின் நீளமோ ஒரு யார், அதாவது 91.4 சதமமீற்றர். மூட்டு வருவது நாலு செக்கனுக்கு ஒரு முறை. தாளமே இல்லை! மெய்யான துண்டின் நீளத்தைச் சுருக்கினால் 17 சதமமீற்றர் ஆகும். ஆதலின், மேனாட்டார் சிலர் செய்வதுபோல், 17 சதமமீற்றருக்கு ஒன்றாக இரு தண்டவாளங்களின் தலையிலும் நுண்ணிய வாளாற் கீறினோம். கீறல் ஆழமானால் தண்டவாளம் வலியிழக்கும்; மேற்பரப்பிற் படிய ஒரு கோடு போதும். கீறிய விளிம்பை நுண்ணரத்தால் தேய்க்காவிடின் சில்லு பழுதுறும்.

பலகை முழங்கிய காலத்தில் இக்கீறல்களை இட்டிருந்தால் ஒன்றுங் கேட்டிராது. இப்பொழுது அமைதியின்மேல் அவை தனித்தனியே எழுந்தன. கணக்கிற் கடுமையான மாணவன் ஒருவன், எமது நாட்டின் அகலப்பாதை ஐந்தரையடி ஆதலால் இவ்வளவில் 22 மில்லிமீற்றர் இடைவெளி வேண்டுமே, 16.5 மில்லிமீற்றரில் ஓடும் வண்டி எங்ஙனம் யாழ்தேவியாகும் என வினவினான். அவன் வினா முற்றிலும் நேரியது. அத்தகைய பாதை கடையில் இல்லை. கையாற் செய்தல் வேண்டும். அதனை அடுத்த ஆண்டுக்கென ஒத்திவைத்துள்ளோம்.

விழாக் காட்சியன்று அந்த மாணவன் வண்டியை நிறுத்தாமலே பேசினான். பன்னிரண்டு பதின்மூன்றடி தொலைவில் நின்றோர்க்கும் அவன் சொல் விளங்கிற்று. வண்டி பாலத்தின்மேல் ஏறும்போது மட்டும் ஓசை உயர்ந்தது. தகரத்தாற் செய்த பாலத்தின்மேல் நுரைப்பட்டியும் இல்லை, சல்லியும் இல்லை. அதனையும் மெத்தையிட்டு அடக்கி விடலாமா என மாணவர் முன்னரே கேட்டிருந்தனர். சல்லியில்லாத இரும்புப் பாலங்களை மெய்யான வண்டி கடக்கும்போதும் ஓசை அவ்வாறே பெருகுமாதலின், அதனை இருந்தபடியே விட்டுவிடச் சொன்னோம். அவன் தன் விளக்கத்தில் அவ்விடத்துக்கு ஒரு நிறுத்தம் வைத்துக்கொண்டான். பாலம் கடந்ததும் தொடர்ந்தான்.